நனஞ்ச சுவரும் பல்லிச் சத்தமும்

பக்கத்துல இருக்குற ஆள நெனச்சுக் காதல் பாட்டு கேக்குறது ஒரு மாதிரி, கடல் தாண்டி இருக்குற ஆள நெனச்சுக் கேக்குறது முழுக்க வேற மாதிரி. நான் கட்டிக்கப் போறவரு கத்தாருக்கு, தோஹாவுக்குப் போறதுக்கு முன்னாடி எனக்கு உசுரா இருந்த பாட்டுல பாதி இப்ப காதுலயே ஏற மாட்டேங்குது. மெட்டு நல்லாத்தான் இருக்கு, குரலும் நல்லாத்தான் இருக்கு, வரிதான் மனசுல ஒட்ட மாட்டேங்குது. நீ இல்லாட்டி செத்துருவேன்னு வர்ற பாட்டெல்லாம் ஒரு காலத்துல கண்ணு கலங்கக் கேட்டவ நான். இப்ப அவரு அங்க கட்டட வேலையில சாரத்து மேல நிக்கிற ஆளு, அவருக்குப் போயி சாவப் பத்தின பாட்ட அனுப்ப மனசு வருமா? நிலாவப் புடிச்சுத் தாரேன், வானவில்ல வளச்சுத் தாரேன்னு வர்றதும் அப்படித்தான். கேக்க இனிப்பா இருக்கும், ஆனா கான்ட்ராக்ட் முடியாம ஊருக்கு வர முடியாத மனுசன்கிட்ட நிலாவ யாரு கேட்டா.

அப்போ எந்தப் பாட்டுதான் தூரத்துல நிக்குது? ரொம்ப நாளா இதத்தான் யோசிச்சுக்கிட்டு இருக்கேன், ஸ்கூல் விட்டு நடந்து வர்றப்ப, துணி தொவைக்கிறப்ப, ராவுல தூக்கம் வராம கெடக்குறப்ப. இப்ப எனக்கு ஒரு முடிவு இருக்கு, அத எழுதிரணும்னுதான் ஒக்காந்தேன். பெரிய வாக்கு குடுக்குற வரி தூரத்துல நிக்காது. அந்த ஆளோட வீட்டையும் பொழுதையும் நுணுக்கமாத் தெரிஞ்சு வச்சிருக்குற வரி நிக்கும், தன் நெலமைய மறைக்காம சொல்லுற வரி நிக்கும். உசுருக்குசுரா இருக்குறதுன்னு சொல்லுறோமே, அத நான் அந்த வரியிலதான் பாக்குறேன்.

எங்க பக்கம் காதலிக்கிறவங்களுக்குப் பாட்டு ஏன் இவ்வளவு தேவப்படுதுன்னு வெளியாளுக்கு லேசுல விளங்காது. நாங்க இருக்குறது இலங்கை மலையகத்துல, தலவாக்கலையில இருந்து உள்ளுக்குப் போற ஒரு தேயிலைத் தோட்டம். வெள்ளக்காரன் காலத்து லயம், அதாவது வரிசையா ஒட்டிக் கட்டுன வீடுக, பத்துக்குப் பன்னெண்டு அடிக் காம்பரா, நடுச்சுவரு கூர வரைக்கும் போகாது, அந்தப் பக்கத்து வீட்டுத் தாத்தா இருமுனா எங்க அம்மா இந்தப் பக்கத்துல இருந்தே கொத்தமல்லித் தண்ணி குடிங்க மாமான்னு சொல்லும். இந்த வீட்டுக்குள்ள இருந்துக்கிட்டு போன்ல "ஒங்க நெனப்பாவே இருக்கு"ன்னு ஒரு பொம்பளப்புள்ள எப்பிடிச் சொல்லுறது? வெளிய போயிக் கதைக்கலாம்னா சிக்னல் ஒழுங்காக் கெடைக்கிறது மாரியம்மன் கோயிலுக்கு மேல இருக்குற பாறையில, அங்க நின்னா ஏழாம் நம்பர் மலையில கொழுந்து எடுக்குற அத்தன பேருக்கும் தெரிஞ்சிரும் டீச்சரம்மா யாரோட கதைக்குதுன்னு. (ரெண்டு வீட்டுக்கும் தெரிஞ்ச விசயந்தான், நிச்சயமும் பேசி வச்சாச்சு, இருந்தாலும் கூச்சம்னு ஒன்னு இருக்குல்ல.) அதனால நாங்க வாயால கேக்குறது சாப்டீங்களா, வேல எப்பிடி, அங்க வெயிலா, இங்க மழ, அவ்வளவுதான். மிச்சத்த எல்லாம் பாட்டுதான் சொல்லணும்.

நேரமும் ஒத்து வராது. கத்தார் எங்களுக்கு ரெண்டரை மணித்தியாலம் பின்னுக்கு. நான் காலையில ஏழரைக்கு ஸ்கூல்ல நிக்கிறப்ப அங்க விடியக்காலம் அஞ்சு மணி, அவரு சைட்டுக்குப் போற பஸ்ல தூங்கிக்கிட்டு இருப்பாரு. வெயில் காலத்துல மட்டும் எங்களுக்குக் கொஞ்சம் லாபம். ஜூன் 1ல இருந்து செப்டம்பர் 15 வரைக்கும் காலையில 10 மணியில இருந்து 3.30 வரைக்கும் வெட்டவெளியில வேல வாங்கக் கூடாதுன்னு அங்க சட்டம், அதனால நம்ம நேரத்துக்குப் பன்னெண்டரைக்கு மேல அவரு ரூம்ல இருப்பாரு, ஒன்றரைக்கு ஸ்கூல் விட்டதும் நான் நடந்துக்கிட்டே வொய்ஸ் போடுவேன், அவரும் ஒடனே போடுவாரு. மத்த மாசமெல்லாம் நான் பகல்ல பேசுனத அவரு ராத்திரி கேப்பாரு, அவரு ராத்திரி பேசுனத நான் காலையில கேப்பேன். கோல் எடுத்தா பாதியில கட்டாகுற லைன் வேற.

அந்த இடவெளிக்குள்ளதான் ஸ்டேட்டஸ் பாட்டு வருது. இதச் சின்னப்புள்ளத்தனம்னு சொல்லுறவங்க இருக்காங்க, எனக்கு அதக் கேட்டா கோவந்தான் வரும். எங்க லயத்துல ஒரு அக்கா, புருசன் சவூதியில டிரைவர், அந்த அக்கா எந்தப் பாட்டப் போட்டாலும் பல்லவிய வெட்டிப் போடாது, ரெண்டாவது சரணத்துலதான் வெட்டும். ஏன்க்கான்னு கேட்டேன். பல்லவி ஊருல எல்லாரும் பாடுறதுடி, சரணம் யாருக்குன்னு கேக்குறவருக்குத் தெரியும்னு சொல்லுச்சு. அதுல இருந்து நான் பாட்டு கேக்குற விதமே மாறிப்போச்சு. கவனிச்சுப் பாருங்க, நம்ம காதல் பாட்டுல பல்லவியில சத்தியம் பண்ணுவாங்க, சரணத்துக்கு வந்தப்புறந்தான் யாராவது வாசல்ல வந்து நிப்பாங்க, தலகாணியத் திருப்பிப் போடுவாங்க, வராத பஸ்ஸப் பாத்துக்கிட்டு இருப்பாங்க. அந்தச் சின்ன வேலையப் பாத்தாத்தான் எனக்கு அந்த மனுசி மேல நம்பிக்க வருது. சத்தியம் யாரும் பண்ணலாம்.

போன் வந்தப்புறம் வந்த பழக்கம்னு நெனைக்காதீங்க. எங்க அம்மாயி காலத்துல ரேடியோ. இலங்கை வானொலிக்குப் போஸ்ட் கார்டு போட்டுப் பாட்டு கேக்குறது, அறிவிப்பாளர் பேரையும் தோட்டத்துப் பேரையும் வாசிக்கிறது, அதுக்காக லயத்துச் சனம் பூரா ஒரு ரேடியோ முன்னாடி குந்தியிருக்குறது. 1964ல இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் போட்ட சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் வந்துச்சு, இந்தியாவுல இருந்து தோட்ட வேலைக்கு வந்த வம்சமான எங்க சனத்துல 5,25,000 பேர இந்தியா எடுத்துக்கணும், 3,00,000 பேருக்கு இங்க பிரஜாவுரிமைன்னு மேசையில வச்சுப் பிரிச்சாங்க, மிச்சம் 1,50,000 பேர அப்புறம் பாப்போம்னு விட்டு அதையும் 1974ல பாதிக்குப் பாதியாப் பிரிச்சாங்க. பிரிபட்டவங்கள ஒருத்தரும் ஒரு வார்த்த கேக்கல. அண்ணன் அங்க தங்கச்சி இங்க, கட்டிக்க இருந்தவன் அங்க இவ இங்கன்னு ஆன வீடு எத்தனையோ.

அம்மாயியோட கூட்டாளி ஒருத்தவங்க, ரெண்டு பேரும் காலையில வேல பிரிச்சுக் குடுக்குற பெரட்டுல ஒன்னா நின்னு ஒரே நெரையில கொழுந்து எடுத்தவங்க, அவங்க விரும்புன பையன் வீட்டுக்கு இந்தியா பாஸ்போர்ட் வந்துருச்சு. கோச்சியில, அதான் ரயில்ல, தலைமன்னாரு, அங்கருந்து கப்பல்ல ராமேஸ்வரம், அதுக்கப்புறம் எந்த ஊருன்னு விலாசம் கூட ஒழுங்காத் தெரியாது. ஆனா இலங்கை வானொலி அந்தக் கரையிலயும் நல்லாக் கேக்கும், தமிழ்நாட்டுத் தெக்குப் பக்கத்துச் சனம் அத விரும்பிக் கேட்டுக்கிட்டு இருந்த காலம், அது இவங்களுக்குத் தெரியும். அதனால கார்டுக்கு மேல கார்டு போட்டு ஒரே பாட்டக் கேட்டுக்கிட்டே இருந்தாங்களாம், வாசிக்கிறப்ப தோட்டத்துப் பேரு விட்டுப் போயிரக் கூடாதுன்னு அத மட்டும் பெரிய எழுத்துல எழுதுவாங்களாம், எங்கயாவது ஒரு டீக்கடையில ஒக்காந்திருக்கிறப்ப அவரு காதுல விழாதான்னு. விழுந்துச்சா இல்லையான்னு யாருக்கும் தெரியாது. அது என்ன பாட்டு அம்மாயின்னு கேட்டேன். பாட்டு என்னடி பாட்டு, தோட்டத்துப் பேருதான் பாட்டுன்னு சொல்லிட்டு வெத்தலைய மடிச்சு வாயில வச்சுக்கிச்சு.

அம்மாயி அப்பிடிச் சொன்னதும் ஸ்கூல்ல உயர்தரம் (ஏ எல்) படிக்கிறப்ப எங்க தமிழ் சார் பாடிக் காட்டுன ஒரு பழைய பாட்டுதான் எனக்கு ஞாபகம் வந்துச்சு. சத்திமுத்தப் புலவர் பாடுனது, "நாராய் நாராய் செங்கால் நாராய்"னு தொடங்கும், ரொம்பப் பேருக்குத் தெரிஞ்ச பாட்டுதான். சத்திமுத்தம்ங்குறது கும்பகோணத்துக்குப் பக்கத்துல. அந்த ஊரு மனுசன் மதுரைக்கு வந்து கஷ்டப்படுறாரு, பாண்டியன் ஆளுற ஊரு, அங்கயும் ஒன்னும் சரிப்பட்டு வரல போல, வாடக் காத்துல மேலுக்குப் போத்தத் துணி இல்லாம குந்திக்கிட்டு இருக்காரு, மேல ஒரு நாரை போகுது, அதுகிட்ட வீட்டுக்குச் சேதி சொல்லி விடுறாரு. "நீயும் நின் மனைவியும்"னு கூப்புடுறாரு பாருங்க, அந்த எடத்துலயே எனக்கு நெஞ்ச அடைக்கும். நாரை ஜோடியாப் போகுது, இவரு ஒத்தையில நிக்கிறாரு, அத அவரு வாய் தொறந்து சொல்லல, சொல்லாமலே நமக்கு விளங்குது.

நீங்க கொமரியில குளிச்சிட்டு வடக்க போறப்ப எங்க ஊருக் கொளத்துல தங்குங்க, அப்பிடியே எங்க வீட்டுக்கும் போங்கன்னு சொல்லிட்டு அடையாளம் சொல்லுறாரு.

நனைசுவர்க் கூரை கனைகுரல் பல்லி
பாடு பார்த்திருக்கும்

அப்பிடி இருக்குற என் பொஞ்சாதியப் பாருங்கங்குறாரு. மழையில நனஞ்ச சுவரு. கூரையில பல்லி. அந்தப் பல்லி எப்ப சத்தம் போடும், புருசன் வர்றான்னு நல்ல சகுனம் சொல்லுமான்னு காது குடுத்துக்கிட்டு ஒக்காந்திருக்குற ஒரு பொம்பள. அவ்வளவுதான். அவ கண்ணு மான் மாதிரின்னு இல்ல, கூந்தல் மேகம் மாதிரின்னு இல்ல, காதல்ங்குற சொல்லே அந்தப் பாட்டுல எங்கயும் இல்ல. ஆனா இத்தன காதம் தள்ளி இருந்துக்கிட்டு, இந்நேரம் அந்தச் சுவரு நனஞ்சிருக்கும், அவ அந்த மூலையில இப்பிடித்தான் ஒக்காந்திருப்பா, பல்லிக்குத்தான் காத்திருப்பான்னு ஒரு மனுசனுக்குத் தெரியுது. இதுக்கு மேல ஒருத்தியை எப்பிடி நேசிக்கிறது?

நனஞ்ச சுவருன்னா என்னன்னு எங்களுக்குச் சொல்லிக் குடுக்க வேண்டியதில்ல. மே மாசக் கடைசியில தென்மேற்குப் பருவமழ தொடங்குனா எங்க பக்கம் மாசக்கணக்கா விட்டு விட்டு ஊத்தும், தகரத்து மேல விழுகுற சத்தத்துல பக்கத்துல பேசுறது கேக்காது, பின் சுவருல தண்ணி எறங்கி சுண்ணாம்பு உப்பிக்கிட்டு உரிஞ்சு விழும். நாங்க பழைய கலண்டர் தாளையும் உரபேக்கையும் விரிச்சு ஆணி அடிச்சு வச்சிருக்கோம், அதுலயும் பூஞ்சணம் புடிச்சிரும். என் ஸ்கூல் சேலை தொங்குற கொடி அந்தச் சுவரு ஓரமாத்தான் போகுது. போன மழையில ஒரு நாள் அவரோட வொய்ஸ் வந்துச்சு, சம்பளம் லேட்டாகுது, கூட இருக்குற பையனுக்குக் காச்சல்னு அதையும் இதையும் சொல்லிட்டுக் கடைசியில, "அங்க மழைன்னு நியூஸ்ல போட்டான், அந்த மூலைச் சுவருல இன்னும் தண்ணி எறங்குதா, சேலைய எடுத்து அடுப்படிப் பக்கம் போடு புள்ள"ன்னு ஒரு வார்த்த. நான் போன அப்பிடியே நெஞ்சுல வச்சுக்கிட்டேன். அந்த வொய்ஸ ஸ்டார் போட்டு வச்சிருக்கேன், அழியக் கூடாதுன்னு இன்னொரு போனுக்கும் அனுப்பி வச்சிருக்கேன். எந்தக் கவிஞர் வந்தாலும் எனக்குன்னு இதவிட நல்ல வரி எழுதிக் குடுக்க முடியாது.

அந்தப் பாட்டுல இன்னொரு பாதி இருக்கு, அத நெறையப் பேரு வறுமைன்னு மட்டும் பாத்துட்டு விட்டுர்றாங்க. தன் நெலமைய அவரு எப்பிடிச் சொல்லி விடுறாருன்னா,

கையது கொண்டு மெய்யது பொத்திக்
காலது கொண்டு மேலது தழீஇப்
பேழையுள் இருக்கும் பாம்பென உயிர்க்கும்
ஏழையாளனைக் கண்டனம் எனுமே

கையால ஒடம்பப் பொத்திக்கிட்டு, காலக் குறுக்கி மேல அணைச்சுக்கிட்டு, பெட்டிக்குள்ள அடச்ச பாம்பு மூச்சு விடுற மாதிரி மூச்சு விட்டுக்கிட்டு இருக்குற ஒரு ஏழையப் பாத்தோம்னு போயி சொல்லுங்க. நல்லா இருக்கேன்னு சொல்லச் சொல்லல. சீக்கிரம் பவுனோட வருவேன்னு சொல்லச் சொல்லல. இப்பிடித்தான் இருக்கேன்னு உள்ளத உள்ளபடி சொல்லி விடுறாரு. பொஞ்சாதிகிட்ட மானம் பாக்காத மனுசன்.

இதுல எனக்கு அழுத்தமாச் சொல்ல வேண்டியது இருக்கு. வெளிநாட்டுல இருக்குற எங்க பயலுக ஒருத்தனும் உண்மையச் சொல்லுறது இல்ல. பேஸ்புக்ல கடற்கரை ஓரத்துல ஒசந்த கட்டடத்துக்கு முன்னாடி கண்ணாடி போட்டுக்கிட்டு நிப்பாங்க, அடுக்குக் கட்டில் போட்ட ரூமக் காட்ட மாட்டாங்க. வீட்டுக்காரங்க கவலப்படுவாங்கன்னு நெனச்சுத்தான் மறைக்கிறாங்க, எனக்கு அது தெரியும், ஆனா அந்த மறைப்பு மாசக்கணக்கா நீண்டா இங்க இருக்குறவளுக்கு அந்த ஆளு யாருன்னே தெரியாமப் போயிருது. அவரும் போன புதுசுல "நல்லா இருக்கேன்"ங்குற ஒரே வார்த்தையத் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கிட்டு இருந்தாரு, கூடவே தினம் ஒரு காதல் பாட்டு லிங்க். பாட்டு வந்துச்சு, ஆளு வரல. ஒரு நாள் இந்த நாரைப் பாட்ட முழுசா வாசிச்சு, அர்த்தமும் சொல்லி வொய்ஸா அனுப்புனேன். மறுநாள் ராத்திரி நீட்டு வொய்ஸ் வந்துச்சு. ரூம்ல ஏசி பழுதாகிக் கெடக்குது, குதிகால் வெடிச்சு சப்பாத்துக்குள்ள எரியுது, மெஸ்ஸுல குடுக்குற சோறு தொண்டையில எறங்க மாட்டேங்குது, வெள்ளிக்கெழம லீவு நாள்ல தூங்கி எந்திரிச்சா எந்த ஊருல இருக்கேன்னு கொஞ்ச நேரம் தெரிய மாட்டேங்குதுன்னு. நான் அழுதேன், மறைக்கல. ஆனா அவரு போனதுக்கப்புறம் அன்னைக்குத்தான் அவரு கூட இருந்தேன்னு சொல்லுவேன்.

பாரதியோட "ஆசை முகம் மறந்து போச்சே" இன்னொன்னு. பொண்ணு தோழிகிட்ட சொல்லுறா, நேசம் மறக்கல, முகம் மறந்து போச்சுன்னு. "வண்ணப் படமுமில்லை கண்டாய், இனி வாழும் வழியென்னடி தோழி"ன்னு கேக்குறா. படிக்கிற காலத்துல நான் நெனச்சேன், நமக்கு இந்தக் கஷ்டம் வராது, போன் நெறையப் படம் இருக்குதேன்னு. ஆனா அதே பாட்டுல நடுவுல ஒரு வரி, முகத்தோட வடிவு ஞாபகத்துக்கு வந்தாலும் "அந்த நல்ல மலர்ச்சிரிப்பைக் காணோம்"னு. இப்பத்தான் அது எனக்கு ஏறுது. கேலரி பூரா அவரு சிரிச்சுக்கிட்டுதான் இருக்காரு, ஆனா அதெல்லாம் போனப் பாத்துச் சிரிச்ச சிரிப்பு. ரொட்டியக் கட்டசம்பல்ல தொட்டு வாயில வச்சுக்கிட்டு, எங்க அம்மா ஏதோ சொல்ல, வாயப் பொத்திக்கிட்டு தோள் குலுங்கச் சிரிப்பாரு, அந்தச் சிரிப்பு எந்தப் படத்துலயும் இல்ல. கண்ண மூடிப் பாத்தா தோள் குலுங்குறது வருது, முகம் வர மாட்டேங்குது. நூறு வருசத்துக்கு முன்னாடி எழுதுன மனுசனுக்கு இது எப்பிடித் தெரிஞ்சுச்சோ.

இன்னொன்னையும் கவனிங்க. இவளும் கண்ணன்கிட்ட நேராப் பேசல, தோழிகிட்டத்தான் பேசுறா. சத்திமுத்தத்தாரு நாரைகிட்ட. அம்மாயி கூட்டாளி ரேடியோகிட்ட. நம்ம பிரிவுப் பாட்டுல எத்தனையோ பாட்டு மூணாவது ஒருத்தர்கிட்டத்தான் சொல்லுது. ஆளு எதுக்க இல்லாதப்ப சொல்லு வேற வழியாத்தான் போயாகணும், அந்தச் சுத்து வழிதான் அதுக்கு ருசி. நானும் அவருகிட்ட நேராச் சொல்ல முடியாதத அந்த ஸ்டேட்டஸ் அக்காகிட்டச் சொல்லிட்டுத்தான் வருவேன்.

குறள்ல 1261, அதையும் சொல்லிர்றேன்.

வாளற்றுப் புற்கென்ற கண்ணும் அவர்சென்ற
நாளொற்றித் தேய்ந்த விரல்

வழியப் பாத்துப் பாத்துக் கண்ணு ஒளி கொறஞ்சு போச்சு, அவரு போன நாளுக்குச் சுவத்துல கோடு போட்டு அதத் தொட்டுத் தொட்டு எண்ணி வெரலும் தேஞ்சு போச்சு. வள்ளுவர் இந்த எடத்துல அறிவுரையே சொல்லல, ஒரு பொம்பள சுவத்துக் கோட்ட வெரலால தடவுறத மட்டும் காட்டிட்டு ஒதுங்கிக்கிட்டாரு. காத்திருப்பேன் காத்திருப்பேன்னு நூறு தடவ பாடுறதும் இதுவும் ஒன்னாகுமா?

மலையப் பத்திச் சொல்லாம முடிக்க முடியாது. பழைய இலக்கணத்துல குறிஞ்சி, அதாவது மலை, காதலர் சேர்ற எடம். பிரிவுக்கு உரியது பாலை. எங்க மலையில மட்டும் இது தலகீழாப் போச்சு. மொதல்ல கோப்பிக் காலத்துல தமிழ்நாட்டுல பொஞ்சாதி புள்ளையை விட்டுட்டுக் கண்டிச் சீமைக்கு வந்த ஆளுக, அப்புறம் ஒப்பந்தத்துல பிரிஞ்சவங்க, இப்ப கொழும்புக் கடைகளுக்குப் போற பயலுக, வீட்டு வேலைக்குக் குவைத்துக்கும் சவூதிக்கும் போற அம்மாமாரு. பிரிவு எங்களுக்கு இந்த மலையிலதான் நடக்குது, அவரு போயி நிக்கிறது மட்டும் நெசமான பாலைவனம். குறுந்தொகையில மூணாவது பாட்டு "நிலத்தினும் பெரிதே வானினும் உயர்ந்தன்று"ன்னு போகும், கேட்டா நான் மேல திட்டுன நிலா வானவில் பாட்டு மாதிரிதான் தெரியும், நிலத்தவிடப் பெருசு, வானத்தவிட ஒசரம், கடலவிட ஆழம்னு. ஆனா அந்தப் பொண்ணு அங்க நிக்கல, கீழ எறங்கி வந்து, கருத்த காம்புள்ள குறிஞ்சிப் பூவுல தேனீ தேன் எடுக்குற அந்த மலைக்காரனோட உள்ள நட்புன்னு முடிக்கிறா. அந்தப் பூவோட காம்பு நெறம் வரைக்கும் அவளுக்குத் தெரியுது, அதனாலதான் வானத்தப் பத்திச் சொன்னதையும் நம்பத் தோணுது. அந்தப் பூவுக்குச் சொந்தக்காரப் பூவு இங்க ஹோர்ட்டன் சமவெளியிலயும் உண்டு, நெலுன்னு சொல்லுவாங்க, பன்னெண்டு வருசம் போல காத்திருந்து ஒன்னாப் பூக்குறது.

காதல்னா எங்க தோட்டங்கள்ல மாசி மாசம் காமன் கூத்துதான். ரதி மதன் கத. மதன் சிவனோட தவத்தக் கலைக்கப் போறான், ரதி போகாதீங்க போகாதீங்கன்னு தடுக்குறா, அவன் போறான், நெத்திக்கண்ணு தொறந்து எரிஞ்சு போறான், ரதி அழுது பொலம்புறா. தப்புச் சத்தத்துக்கு நடுவுல விடிய விடிய அந்தப் பொலம்பலக் கேட்டு வளந்தவங்க நாங்க. ஆம்பளதான் ரதி வேசம் கட்டியிருப்பாரு, நேத்து வரைக்கும் தேயிலைச் செடிய கவ்வாத்து வெட்டுன மனுசன், ஆனா அவரு மதன் பேரச் சொல்லி அழ ஆரம்பிச்சா வெளிநாட்டுல ஆளு இருக்குற வீட்டுப் பொம்பளைக முந்தானையால கண்ணத் தொடைக்கிறத நீங்க பாக்கலாம். கடைசியில மதனுக்கு உசுரு திரும்பக் கெடைக்கும், ஆனா ரதி கண்ணுக்கு மட்டுந்தான் தெரிவான். சின்ன வயசுல அது எனக்கு ஏமாத்தமா இருந்துச்சு, எல்லாருக்கும் தெரிஞ்சாத்தானே வந்த மாதிரின்னு. இப்ப கோயில் பாறையில நின்னு வீடியோ கோல்ல அவரு மொகத்தப் பாக்குறப்ப ரதி அதுக்கே எவ்வளவு சந்தோசப்பட்டிருப்பான்னு தோணுது.

இவ்வளவும் யோசிச்சு யோசிச்சு நானும் ஒன்னு கட்டுனேன், கொழுந்து மலையில பாடுற மெட்டுல. எங்க அம்மா பாடுற மெட்டு, வரி என்னோடது.

மலையில பனி எறங்கி மத்தியானம் இருட்டிருச்சு
மச்சானே ஒங்க ஊரில் மண்ட பொளக்கும் வெயிலாமே
கொடம் தண்ணி தூக்கயில குளுரு என்னக் கொல்லுதய்யா
கொஞ்சம் அத அனுப்பி வைக்கக் கோச்சி ஒன்னும் போகலையே

ராத்திரி எல்லாரும் தூங்குனப்புறம் அடுப்படியில போயி மெதுவாப் பாடி ரெக்கோட் பண்ணி அனுப்புனேன். பாட்டு நல்லா இருக்கு, குரல் நல்லா இருக்குன்னு ஏதாவது சொல்லுவாருன்னு காலையில போனத் தொறந்தா, குட்டி வொய்ஸ் ஒன்னு. "ஏன் கொடத்துல தூக்குற, லயத்துப் பைப்ப இன்னும் சரி பண்ணலையா? பீலியடிப் படி பாசி புடிச்சுக் கெடக்கும், செருப்பக் கழட்டிட்டு எறங்காத."

இன்னும் சரி பண்ணல. எழுதிக் குடுத்து ரொம்ப நாளாகுது, வந்து பாத்துட்டுப் போனாங்க, அவ்வளவுதான். தண்ணி புடிக்கிற பீலியடிப் படியில பாசியும் இருக்கு. அத்தனையும் சொல்லி இன்னைக்குக் காலையில வொய்ஸ் போட்டாச்சு.